பல்லுள்ள பறவைகள்: ஒரு தாடையென்பின் வரலாறு

இன்று உலகில் வாழும் பறவையினங்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை. தேன்சிட்டு முதல் தீக்கோழி வரை அவற்றுள் ஒன்றுக்கேனும் உண்மையான பல் இல்லை. அலகுடைமையும் பல்லின்மையும் பறவை என்னும் சொல்லோடு பிரிக்கவியலாதவாறு இணைந்துள்ளன என நாம் எண்ணுவது இயல்பே. எனினும் இவ்விணைப்பு இயற்கையின் மாறா விதியன்று. நீண்டதொரு வரலாற்றின் விளைவாகும். கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பறவைகள் பற்களுடனேயே வாழ்ந்தன. இதனை உயிர்ச்சுவடுகள் எமக்கு அறிவிக்கின்றன.

1872 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் கன்சஸ் மாநிலத்திற் கிடைத்த சிறு தாடையென்பு ஒன்று இவ்வறிவு பிறந்த வரலாற்றில் முக்கிய இடம் பெறுகின்றது. அது முதலில் நகருயிர் ஒன்றுக்குரியதெனக் கொள்ளப்பட்டது; சில மாதங்களில் பறவைக்குரியதெனத் திருத்தப்பட்டது; எண்பது ஆண்டுகளின் பின்னர் மீண்டும் நகருயிருக்கே உரியதென வாதிக்கப்பட்டது; ஈற்றில் பறவைக்குரியதென உறுதியாயிற்று. பல்லுள்ள பறவைகள் கூர்ப்புக் கொள்கையை நிரூபித்தன என ஒரே வசனத்திற் கூறி அப்பாற் செல்வது பாடநூல் மரபு. அந்நிரூபணம் எத்தகைய ஐயங்களையும் திருத்தங்களையும் கடந்து வந்தது என்பதை அவ்வசனம் மறைத்துவிடுகின்றது. மறைக்கப்பட்ட அப்பகுதியையே இக்கட்டுரையில் நாம் நோக்க விரும்புகிறோம்.

இடைவெளி பற்றிய வினா

சாள்ஸ் டார்வினின் 'இனங்களின் தோற்றம்' 1859 இல் வெளிவந்தபோது அதற்கு எதிராக எழுந்த வாதங்களுள் வலிமை மிக்கது இடைநிலை வடிவங்கள் பற்றியதாகும். ஓரினம் மற்றோரினத்திலிருந்து படிப்படியாகத் தோன்றியதாயின் இடைப்பட்ட வடிவங்கள் பாறைகளிற் கிடைக்கவேண்டும் அன்றோ? டார்வின் இவ்வினாவைத் தவிர்க்கவில்லை. புவிச்சரிதப் பதிவு மிகவும் குறைபாடுடையது என்பதை விளக்குவதற்கு ஓர் அதிகாரம் முழுவதையும் அவர் ஒதுக்கினார். ஆயினும் குறைபாட்டைச் சுட்டுவது வேறு, இடைவெளியை நிரப்புவது வேறு. வாழும் விலங்குகளை மட்டும் நோக்கின் பறவைகளுக்கும் நகருயிர்களுக்கும் இடையிலான இடைவெளி மிகப் பெரிதாகத் தோன்றியது. இறகு, சிறகு, பல்லற்ற அலகு ஆகியன பறவைகளைத் தனித்ததொரு கூட்டமாக நிறுத்தின.

1861 இல் ஜேர்மனியின் பவேரியாப் பகுதியிலுள்ள சொல்ன்ஹோபன் சுண்ணக்கற் படைகளில் ஆர்க்கியொப்ரெறிக்ஸ் கண்டுபிடிக்கப்பட்டது. யுறாசிக் காலத்துக்குரிய இவ்விலங்கு இறகுகளையும் நகருயிருக்குரிய நீண்ட என்பு வாலையும் ஒருங்கே கொண்டிருந்தது. 1862 இல் பிரித்தானிய நூதனசாலை இதனை ஏனைய சில உயிர்ச்சுவடுகளுடன் சேர்த்து 700 பவுண் கொடுத்து வாங்கியது. இதனை ஆராய்ந்து 1863 இல் விபரித்தவர், டார்வினின் கொள்கையை எதிர்த்து நின்ற றிச்சாட் ஓவன். அம்மாதிரியில் தலை தெளிவாகத் தென்படவில்லை. எனினும் உடலுறுப்புகள் ஒன்றற்கொன்று இயைந்தே அமையும் என்னும் நியமத்தைக் கொண்டு, இறகுடைய விலங்கின் வாய் இறகைக் கோதுவதற்கேற்ற அலகாகவே இருந்திருக்கும் என ஓவன் ஊகித்தார். இறகும் பல்லும் ஓருடலில் அமையலாம் என்பதற்கு அவ்வூகத்தில் இடமிருக்கவில்லை.

ஆனால் அதே கற்பலகையில் பற்களுடன் கூடிய சிறு தாடைத் துண்டொன்றும் கிடந்தது. அதனை மீனொன்றின் தாடை எனக் கருதியோரும் உளர். அது பறவைக்கே உரியதாகலாம் என்பதை ஜோன் இவான்ஸ் 1865 இல் எடுத்துரைத்தார். அக்காலத்தில் அக்கருத்துப் பரவலாக ஏற்கப்படவில்லை. பல்லுள்ள தாடையும் பறவையின் என்பும் அருகருகே கிடந்தபோதும் அவற்றை ஒன்றாகக் காண அறிஞர் தயங்கினர். இதே தயக்கம் ஏழு ஆண்டுகளின் பின் அத்திலாந்திக்குக்கு அப்பாலும் வெளிப்பட்டது.

கன்சஸின் சுண்ணப் படைகள்

ஏறத்தாழ எட்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன், கிறெற்றேசியக் காலத்தின் பிற்பகுதியில், வட அமெரிக்கக் கண்டத்தை வடக்குத் தெற்காகப் பிளந்து ஆழங்குறைந்த கடலொன்று பரந்திருந்தது. அதன் அடியிற் படிந்த நுண்ணுயிர் ஓடுகளே இன்று கன்சஸ் மாநிலத்தின் மேற்கே நயோபிராறாச் சுண்ணப் படைகளாகக் காணப்படுகின்றன. மொசசோர் எனப்படும் பெருங்கடல் நகருயிர்களும் பெருமீன்களும் இப்படைகளில் மிகுதியாகக் கிடைக்கின்றன. பறவைகளின் என்புகள் மெல்லியவை, உள்ளீடற்றவை, எளிதிற் சிதையக்கூடியவை. அவை கடலடியிற் பேணப்பட்டமை அரிய நிகழ்வேயாகும்.

இப்படைகளை ஆராயப் புறப்பட்டவர் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒத்னியல் சாள்ஸ் மார்ஷ். இவரது தாய்மாமனான ஜோர்ஜ் பீபொடி என்னும் செல்வர் 1866 இல் வழங்கிய 150,000 டொலர் நிதியால் யேலில் பீபொடி நூதனசாலை நிறுவப்பட்டது. அவ்வாண்டிலேயே மார்ஷ் உயிர்ச்சுவட்டியற் பேராசிரியராக நியமனம் பெற்றார். 1870 இல் அவர் தம் மாணவருடன் மேற்கு நோக்கிச் சென்றார். புகையிரதப் பாதைகள் சமவெளிகளை ஊடறுத்துச் சென்ற காலம் அது. சுதேச மக்களின் நிலங்கள் படைபலத்தாற் பறிக்கப்பட்ட காலமும் அதுவே. மார்ஷின் குழுவினர் இராணுவக் காவலுடனேயே பயணஞ் செய்தனர். அறிவியலின் இப்பயணம் எந்தச் சமூக நிகழ்வின் பாதையிற் சென்றது என்பதை மறந்துவிடலாகாது.

அவ்வாண்டு திசெம்பர் மாதத்தில் ஸ்மோக்கி ஹில் ஆற்றின் அருகே பெரும் பறவையொன்றின் கால் என்புத் துண்டொன்றை மார்ஷ் கண்டெடுத்தார். 1871 இல் திரும்பிச் சென்றபோது அதே வகைப் பறவையின் வன்கூடு கிடைத்தது. ஆனால் அதற்குத் தலை இருக்கவில்லை. மேற்றிசைப் பறவை எனப் பொருள்படும் ஹெஸ்பெரோர்னிஸ் என்ற பெயரை 1872 இல் அவர் அதற்கு இட்டார். அப்பறவைக்குப் பல் உண்டென்று ஊகிக்க அப்போது எச்சான்றும் இல்லை.

ஒரு தாடை, இரு பெயர்கள்

கன்சஸ் மாநில விவசாயக் கல்லூரியின் பேராசிரியரான பெஞ்சமின் மட்ஜ் 1872 இல் சொலமன் ஆற்றின் அருகே சிறு என்புகள் அடங்கிய கற்பலகையொன்றைக் கண்டெடுத்தார். அவரது மாணவரான சாமுவேல் வில்லிஸ்ரன் பிற்காலத்திற் கூறியதன்படி, அவ்வென்புகள் அடங்கிய பெட்டி மார்ஷின் போட்டியாளரான எட்வேட் கோப்புக்கு அனுப்புவதற்காக முகவரியிடப்பட்டிருந்தது. அவ்வேளையில் மார்ஷிடமிருந்து கடிதம் வந்தமையால் மட்ஜ் முகவரியை மாற்றி யேலுக்கு அனுப்பினார்.

மார்ஷ் அனுப்பிய மறுமொழி கவனத்துக்குரியது. உள்ளீடற்ற என்புகள் பறவைக்குரியவை. இரு தாடைகளோ சிறு நகருயிரொன்றுக்குரியவை. அந்நகருயிரின் முள்ளென்புகளும் கிடைத்திருப்பின் நன்றாயிருக்கும் என்னுங் கருத்தை அவர் மட்ஜுக்குத் தெரிவித்தார். 1872 ஒற்றோபரில் பறவைக்கு இக்தியோர்னிஸ் எனப் பெயரிட்டார். மீன்பறவை என்பது அதன் பொருள். மீனின் முள்ளென்புபோல் இருபுறமுங் குழிந்த முள்ளென்புகளை அது கொண்டிருந்ததே இப்பெயருக்குக் காரணம். அடுத்த மாதத்தில் தாடைகளுக்குக் கொலொனோசோரஸ் என்னும் வேறொரு பெயரை இட்டு, சிறு நகருயிராக அவற்றை விபரித்தார். இவ்வாறு ஒரே விலங்கின் உடல் ஒரு வகுப்பிலும் தாடை மற்றொரு வகுப்பிலுமாக இடம் பெற்றன.

அதன் பின்னர் கற்பலகையிற் படிந்திருந்த மண்ணும் சுண்ணமும் மேலும் அகற்றப்பட்டன. மண்டையோட்டின் பகுதிகளும் தாடைகளின் எஞ்சிய துண்டுகளும் வெளிப்பட்டன. 1873 பெப்ரவரியில் தம் முந்திய முடிவைத் தாமே திருத்திய மார்ஷ், தாடைகளும் பறவைக்குரியனவே என அறிவித்தார். இரண்டும் ஒரே உடலுக்குரியனவாகலாம் என்னும் எண்ணம் முதலிலேயே தமக்குத் தோன்றியதாகவும், எனினும் அதனைப் பதிவு செய்யுமளவுக்குச் சான்று போதவில்லை எனக் கருதியதாகவும் அவர் குறிப்பிட்டார். சான்று போதாதபோது அடங்கியிருப்பதும் சான்று கிடைத்தபோது முடிவை மாற்றுவதும் ஆய்வறத்தின் இரு பக்கங்களாகும். பல்லுள்ள பறவைகளுக்கென 'ஓடொன்ரோர்னித்திஸ்' என்னும் புதிய உபவகுப்பையும் அவர் அமைத்தார்.

1872 ஆம் ஆண்டுப் பயணத்தில் அவரது குழுவினர் கண்டெடுத்த மற்றொரு ஹெஸ்பெரோர்னிஸ் வன்கூட்டில் மண்டையோடும் இருந்தது. அதன் தாடையிலும் பற்கள் காணப்பட்டன.

இரு பறவைகள், இரு வாழ்க்கைகள்

ஒரே கடலைச் சார்ந்து வாழ்ந்த இவ்விரு பறவைகளும் தம்முள் பெரிதும் வேறுபட்டவை. ஹெஸ்பெரோர்னிஸ் ஏறத்தாழ 1.8 மீற்றர் நீளமுடைய பறக்காப் பறவை. அதன் சிறகு மெலிந்த புயவென்பாகச் சுருங்கியிருந்தது. மார்பென்பில் பறப்புத் தசைகள் பொருந்துவதற்கான ஏரா இருக்கவில்லை. வலிய பின்கால்களால் நீரை உந்திச் சென்று மீனைப் பிடித்தது. இக்தியோர்னிஸோ புறாவளவினது, உயர்ந்த ஏராவையும் நன்கு விருத்தியடைந்த சிறகையும் உடைய சிறந்த பறவை.

பற்களின் அமைப்பும் வேறுபட்டது. இக்தியோர்னிஸில் ஒவ்வொரு பல்லும் தனித்தனிக் குழியிற் பொருந்தியிருந்தது. ஹெஸ்பெரோர்னிஸின் பற்களோ தாடை நெடுகிலும் ஓடிய தவாளிப்பில் அமைந்திருந்தன. இரண்டிலும் அவை மிளிரி மூடிய உண்மையான பற்கள், பின்னோக்கி வளைந்தவை, வழுக்கும் இரையைப் பற்றுவதற்கு ஏற்றவை. உண்மையான பல் என நாம் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1873 இல் இங்கிலாந்தின் இலண்டன் களிமண் படையிலிருந்து கிடைத்த ஓடொன்ரொப்ரெறிக்ஸ் என்னும் பறவையை ஓவன் விபரித்தார். அதன் தாடையிலும் பல் போன்ற முனைகள் காணப்பட்டன. ஆனால் அவை தாடையென்பின் நீட்சிகளேயன்றிப் பற்களல்ல. தோற்றத்தால் ஒத்தவை தோற்றுவாயால் ஒத்தவையாக இருக்கவேண்டியதில்லை என்பதற்கு இது தக்க உதாரணம்.

1876 செத்தெம்பரில் நியூயோர்க்கில் விரிவுரையாற்றிய தோமஸ் ஹக்ஸ்லி இப்பறவைகளைச் சிறப்பாக எடுத்துக்காட்டினார். அவர் கூர்ப்புக்கான சான்றுகளைத் தரம் பிரித்து நோக்கினார். மார்ஷ் திரட்டிய குதிரையின் உயிர்ச்சுவட்டு வரிசையை நிரூபிக்கும் சான்றாகக் கொண்ட அவர், பல்லுள்ள பறவைகளைச் சாதகமான சான்று என்ற அளவிலேயே வைத்தார். அவை நகருயிருக்கும் பறவைக்கும் இடைப்பட்ட பண்புகள் ஓருடலில் அமையலாம் என்பதைக் காட்டின. இன்றைய பறவையின் நேர் மூதாதையர் அவையே என்பதைக் காட்டவில்லை. ஹக்ஸ்லி கைக்கொண்ட இந்நிதானம் பின்னர் எழுதிய பலரிடம் காணப்படவில்லை.

மார்ஷின் ஆய்வுகள் 1880 இல் 34 படத்தட்டுகளுடன் பெருநூலாக வெளிவந்தன. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் மார்ஷுக்கு எழுதிய டார்வின், கூர்ப்புக் கொள்கைக்கு முன்னைய இருபது ஆண்டுகளுள் கிடைத்த மிகச் சிறந்த ஆதரவாக இப்பறவைகள் பற்றியும் ஏனைய வட அமெரிக்க உயிர்ச்சுவடுகள் பற்றியும் அவர் செய்த ஆய்வுகளைப் பாராட்டினார். அடுத்த ஆண்டில் மார்ஷ் ஐரோப்பா சென்று ஆர்க்கியொப்ரெறிக்ஸ் மாதிரிகளை நேரிற் கண்டு, அவற்றிலும் உண்மையான பற்கள் உள்ளன என உறுதி செய்தார். பேர்ளினிலுள்ள மாதிரியில் தலையும் பற்களும் தெளிவாகவே பேணப்பட்டிருந்தன. ஓவன் ஊகித்த பல்லற்ற அலகு அங்கு இல்லை.

அரச நிதியும் பல்லுள்ள பறவையும்

மார்ஷின் நூல் அரச ஆய்வறிக்கைத் தொடரிலும் ஒரு தொகுதியாக அச்சிடப்பட்டிருந்தது. 1882 முதல் அவர் ஐக்கிய அமெரிக்கப் புவிச்சரித அளவைத் திணைக்களத்திலும் பதவி வகித்தார். 1892 இல் அத்திணைக்களத்துக்கான நிதி பற்றிய விவாதத்தின்போது அலபாமாப் பிரதிநிதியான ஹிலறி ஹேபேட் இந்நூலை எடுத்துக்காட்டி, பல்லுள்ள பறவைகளுக்காக மக்கள் வரிப்பணம் விரயமாகின்றது என எள்ளினார். ஒதுக்கீடு குறைக்கப்பட்டது, உயிர்ச்சுவட்டியற் பகுதி பெரிதும் பாதிக்கப்பட்டது, மார்ஷ் அப்பதவியை இழந்தார்.

இந்நிகழ்வை அறியாமையின் வெற்றி என்று மட்டும் கூறுவது போதாது. கோப்புடனான கடும் பூசலும், உதவியாளரின் உழைப்பைத் தம்முடையதாக்கிக்கொண்டார் என 1890 இல் செய்தித்தாளில் வெளியான குற்றச்சாட்டுகளும் மார்ஷின் நிலையை ஏற்கெனவே தளர்த்தியிருந்தன. செல்வர் ஒருவரின் கொடையாலும் பலரின் உழைப்பாலும் கட்டியெழுப்பப்பட்ட அறிவு ஒருவர் பெயரிலேயே அறியப்பட்டது. எனினும் உடனடிப் பயன் எதுவென்று கேட்டு அடிப்படை ஆய்வை நகைப்புக்குரியதாக்கும் வாதம் அன்றோடு முடிந்துவிடவில்லை என்பதை ஆய்வுத்துறையினர் நன்கறிவர்.

மீண்டும் எழுந்த ஐயம்

1952 இல் ஜோசப் கிறெகரி அப்புகழ்பெற்ற தாடையை மீள ஆராய்ந்தார். இக்தியோர்னிஸின் கீழ்த்தாடை மொசசோர்களின் தாடையை வியக்கத்தக்க அளவு ஒத்திருப்பதைக் கண்டார். தாடையின் இடையே அமைந்த மூட்டு இவ்வொற்றுமைகளுள் ஒன்று. மொசசோர்கள் மலிந்த படையிலிருந்தே இம்மாதிரி கிடைத்தது. எனவே இளம் மொசசோர் ஒன்றின் தாடை பறவையின் என்புகளோடு கலந்திருக்கலாம் என அவர் வாதித்தார். மார்ஷின் முதலாவது முடிவே சரியானது என்பது இதன் பொருள். ஹெஸ்பெரோர்னிஸின் பற்களை இவ்வாதம் பாதிக்கவில்லை. இக்தியோர்னிஸ் மட்டும் பல்லுள்ள பறவைகளின் பட்டியலில் ஐயத்துக்குரியதாயிற்று.

இவ்வையம் நியாயமானதே. பழைய மாதிரியை மட்டும் மீண்டும் மீண்டும் பார்ப்பதால் அது தீர்ந்திருக்காது; புதிய மாதிரிகள் தேவைப்பட்டன. 1977 இல் லாறி மார்ட்டினும் ஜே. டி. ஸ்ரூவேட்டும் கன்சஸில் கிடைத்த வேறு மாதிரிகளைக் கொண்டு இக்தியோர்னிஸுக்குப் பற்கள் உண்டு என்பதை நிறுவினர். யேலில் காட்சிக்காகச் சாந்திற் பதிக்கப்பட்டிருந்த மாதிரிகள் பின்னர் விடுவிக்கப்பட்டன. அவற்றை விரிவாக ஆராய்ந்த யூலியா கிளாக் 2004 இல் வெளியிட்ட நூல், மார்ஷ் வேறினங்களாகப் பிரித்தவற்றுட் பெரும்பாலானவை ஓரினத்துக்குரியனவே எனக் காட்டியது. மார்ஷின் தாடை பறவைக்குரியதென்பது உறுதியாயிற்று. அவரது வகைபிரிப்போ திருத்தப்பட்டது.

2018 இல், கன்சஸில் கிடைத்த புதிய மண்டையோட்டைப் பாறையிலிருந்து பிரித்தெடுக்காமலே கணனிவழி எக்ஸ்-கதிர்ப் படங்களால் ஆராய்ந்த முடிவுகளை டானியல் பீல்ட், பார்ட்-அஞ்சன் புல்லர் முதலியோர் வெளியிட்டனர். இக்தியோர்னிஸின் மேல்தாடை முனையில் பல்லற்ற சிறு அலகு இருந்தது. அதன் பின்னே பற்கள் தொடர்ந்தன. அலகும் பல்லும் ஒரே வாயில் ஒன்றாகப் பணிபுரிந்தன. பல் போனபின் அலகு வந்தது எனவோ, அலகு வந்ததும் பல் போயிற்று எனவோ கூறுவது போதாது என்பதை இம்மண்டையோடு உணர்த்துகின்றது.

பல் இழந்த வரலாறு

இன்று மார்ஷின் 'பல்லுள்ள பறவைகள்' என்னும் உபவகுப்பு கைவிடப்பட்டுள்ளது. ஹெஸ்பெரோர்னிஸை நீந்தும் தீக்கோழி போன்றதெனக் கருதிய அவரது கருத்தும் நிலைக்கவில்லை. பல் என்பது மூதாதையரிடமிருந்து எஞ்சிய பண்பு. மூதாதைப் பண்பொன்றை இழவாதிருந்தமை மட்டும் இரு விலங்குகளை நெருங்கிய உறவினராக்காது. சீனாவிற் கிடைத்த கொன்பியூசியசோர்னிஸ், ஹெஸ்பெரோர்னிஸுக்கு நான்கு கோடி ஆண்டுகளுக்கு முன்னரே பல்லற்ற அலகுடன் வாழ்ந்தது. ஆகவே பல்லிழப்பு வெவ்வேறு கிளைகளில் வெவ்வேறு காலங்களில் நிகழ்ந்ததாகும்.

இன்றைய பறவைகளின் பரம்பரையலகுகளும் இவ்வரலாற்றுக்குச் சாட்சி கூறுகின்றன. 2014 இல் 48 பறவையினங்களின் பரம்பரையலகுத் தொகுதிகள் ஒப்பிடப்பட்டபோது, மிளிரியையும் பன்முதலையும் உருவாக்கும் பரம்பரையலகுகள் அவை அனைத்திலும் செயலிழந்த எச்சங்களாகவே காணப்பட்டன. செயலிழப்பின் அடையாளங்கள் அவ்வினங்கள் எல்லாவற்றிலும் பொதுவாக இருந்தமையால், அவற்றின் பொது மூதாதையிலேயே பல் மறைந்துவிட்டது என முடிவு செய்யப்பட்டது. இது ஏறத்தாழ 11 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததாகக் கணிக்கப்பட்டது. இக்கணிப்பின்படி நோக்கின், கன்சஸின் கடலிற் பல்லுள்ள பறவைகள் மீன் பிடித்த காலத்துக்கு நெடுநாள் முன்னரே இன்றைய பறவைகளின் மூதாதையர் பல்லை இழந்துவிட்டனர். மார்ஷின் பறவைகள் இவற்றின் மூதாதையரல்ல. பழைய பண்பைப் பேணிய ஒன்றுவிட்ட உறவினர். 2006 இல், விகாரமுற்ற கோழி முளையங்களில் பல்லின் தொடக்க நிலையை ஒத்த அமைப்புகள் தோன்றுவது அறிவிக்கப்பட்டது. மிளிரி உருவாகும் ஆற்றல் அழிந்தபோதும் பல்லைத் தொடங்கும் ஆற்றலின் சுவடு முற்றாக அழியவில்லை.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கின், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எல்லா முடிவுகளும் திருத்தத்துக்கு உட்பட்டமை தெளிவாகும். பறவைக்கு அலகே இருக்கும் என்ற ஓவனின் ஊகம் வீழ்ந்தது. மார்ஷ் தம் முதல் முடிவைத் தாமே கைவிட்டார். அவரது திருத்தம் ஐயுறப்பட்டுப் புதிய மாதிரிகளால் மீண்டும் நிறுவப்பட்டது. அவரது வகைபிரிப்பு நிலைக்கவில்லை. கூர்ப்புக் கொள்கையை எதிர்ப்போர் இத்திருத்தங்களை அதன் பலவீனமாகக் காட்டுவதுண்டு. உண்மையில் ஒவ்வொரு திருத்தமும் பறவைக்கும் நகருயிருக்கும் இடையிலான உறவை மேலும் துல்லியமாக்கியதேயன்றித் தளர்த்தவில்லை. கேள்விக்கு உட்படாத முடிவினாலன்று, கேள்விகளைத் தாங்கி நின்ற சான்றினாலேயே அவ்வுறவு நிறுவப்பட்டது. உயிரியலைத் தமிழிற் கற்பிக்கும் நாம், பல்லுள்ள பறவைகள் இருந்தன என்னும் முடிவோடு அமையாது, அம்முடிவு எவ்வாறு சோதிக்கப்பட்டது என்பதையும் மாணவருக்கு உணர்த்துதல் வேண்டும். அதுவே அறிவியலை மனனஞ் செய்யும் செய்தித் தொகுப்பினின்றும் வேறுபடுத்துவது.